மகோகனி மேசையும் மறைந்த கரங்களும்

கலைப்பொருளொன்றின் பெருமையைப் பேசுவது எளிது. அப்பெருமை எவர்க்கு உரியது எனக் கேட்பது அத்துணை எளிதன்று. ஆங்கில நாட்டின் பழைய மகோகனி எழுதுமேசைகளைக் குறித்து எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை முதற் காரியத்தைத் தாராளமாகச் செய்கின்றன. இரண்டாவது வினாவினை எழுப்பாது விடுகின்றன. ஏலவிற்பனைப் பட்டியல்களும், வழுவழுப்பான தாளிலே வண்ணப்படங்களுடன் வெளிவரும் தளபாட நூல்களும், மாளிகைகளைப் பார்வையிட வருவோர்க்கு வழங்கப்படும் கைந்நூல்களும் பதினெட்டாம் நூற்றாண்டை ஆங்கிலக் கைவினைத்திறனின் பொற்காலம் எனப் போற்றுகின்றன. மேற்பரப்பிலே தோன்றும் செந்நிறப் பொலிவை அவை வருணிக்கும். காலின் வளைவை வியக்கும். பித்தளைக் கைப்பிடியின் வடிவத்தைக் கொண்டு ஆண்டினைக் கணிக்கும். ஆயின் அம்மேசையைச் செய்தவன் யார், அதற்குரிய மரத்தை வெட்டியவன் யார், அவ்விருவரும் தம் உழைப்புக்குப் பெற்றது யாது என்னும் வினாக்களுக்கு அவற்றிலே இடமில்லை.

இவ்விடுபாடு தற்செயலானதன்று. கைவினைத்திறன் என்னுஞ் சொல்லிலிருந்து கையும் கைக்குரியவனும் நீக்கப்பட்டு, எஞ்சிய திறன் மாத்திரம் பொருளின் மீது ஏற்றி வைக்கப்பட்டுள்ளது. மேசை தானே தோன்றியது போலவும், அதனை வாங்கிய பிரபுவின் இரசனையும் வரைந்த மேதையின் கற்பனையுமே அதற்குப் போதிய காரணங்கள் போலவும் ஒரு மயக்கம் வளர்க்கப்படுகின்றது. அம்மயக்கத்தைக் களைதல் கலை வரலாற்றைப் பயில்வோரின் கடன். அம்மேசைகள் அழகற்றவை என்பதோ, அவற்றிற் காணப்படும் தொழில்நுட்பம் பொய்யானது என்பதோ இங்கு வாதமன்று. நுட்பம் மெய்யானது, மெய்யானதாகையாலேயே அது தனக்குரியோரிடம் சேர்ப்பிக்கப்படல் வேண்டும் என்பதே வாதம்.

மூட்டினுள் மறைந்த அறிவு

முதலிலே அந்நுட்பம் யாதெனத் தெளிதல் வேண்டும். தெளியாது போற்றுவதும் தெளியாது தூற்றுவதும் ஒன்றே.

பதினெட்டாம் நூற்றாண்டின் எழுதுமேசை ஒரே வகைப்பட்டதன்று. சரிந்த மூடியை முன்னே இறக்கினால் அதுவே எழுதும் தளமாகும் பியூரோ. நடுவிலே முழங்கால் நுழைய இடம்விட்டு இருமருங்கும் இழுப்பறைகள் அமைந்த சிறுமேசை. இரு பீடங்களின் மேல் அகன்ற பலகை தாங்கி நிற்கும் நூலக மேசை. இருவர் எதிரெதிரே அமர்ந்து எழுதத்தக்க பங்காளர் மேசை எனப் பலவாறு அது விரிந்தது. இவை யாவற்றிற்கும் பொதுவானது இழுப்பறை. மக்கள் வழக்கிலே லாச்சி எனப்படும் அவ்வறையொன்றை வெளியே இழுத்து நோக்கினால் மேசையின் உண்மை வரலாறு புலப்படும்.

இழுப்பறையின் முன்பலகை மகோகனியாகவும் பக்கப் பலகைகளும் அடிப்பலகையும் பெரும்பாலும் ஓக் மரமாகவும் இருக்கும். முன்பலகையும் பக்கப் பலகையும் சந்திக்கும் மூலையிலே, புறாவின் வாலைப் போன்று விரிந்த பற்கள் ஒன்றினுள் ஒன்று புகுமாறு வெட்டப்பட்டிருக்கும். ஆணியின் துணை அங்கு தேவைப்படுவதில்லை. இழுக்கும் விசை மூட்டைப் பிரிக்காதவாறு பல்லின் விரிவே தடுத்து நிற்கும். சிறந்த வேலைப்பாடுகளிலே அப்பற்களுக்கிடையிலுள்ள இடைவெளி வாளின் அலகு நுழையும் அளவுக்கு ஒடுங்கியிருப்பதைக் காணலாம். அன்றியும், வெட்டு முன்பலகையின் வெளிமுகத்தை ஊடறுக்காது பாதிவழியே நிறுத்தப்படுவதால், அறை மூடியிருக்கும்போது மூட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகச் சிறந்த உழைப்பு ஆக மறைவான இடத்திலேயே உள்ளது.

மரத்தின் இயல்பை அறிதல் அதனினும் கடினமானது. வெட்டப்பட்ட பின்னரும் மரம் காற்றின் ஈரத்திற்கேற்ப விரியும், சுருங்கும். அவ்வசைவு நாரின் நெடுக்கிலும் பார்க்கக் குறுக்கிலேயே மிகுதி. இதனை மறந்து அகன்ற பலகையை நாற்புறமும் இறுக்கிப் பிணைப்பவனின் மேசை சில ஆண்டுகளிலே பிளக்கும். ஆதலால் அடிப்பலகை தவாளிப்பினுள்ளே அசைய இடம்விட்டுச் செருகப்பட்டது. ஓக் அல்லது பைன் மரத்தாலான உடலின் மேல் மகோகனியை மெல்லேடாக ஒட்டுமிடத்து, வாளினாற் கையால் அறுத்த ஏடு, விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையைக் கொண்டு சூட்டோடு பதிக்கப்பட்டது. பசை ஆறுமுன் வேலை முடிய வேண்டும். இரண்டாவது வாய்ப்பு இல்லை. மார்க் இசம்பார்ட் புறூணல் 1806இல் மெல்லேடு அறுக்கும் இயந்திரத்துக்கு உரிமைப்பத்திரம் பெறுவதற்கு முன்னர் ஒவ்வோர் ஏடும் மனிதத் தோளின் வலிமையால் அறுக்கப்பட்டதே. வாள்குழியின் மேலே ஒருவனும் கீழே ஒருவனுமாக நின்று அறுக்கும்போது, கீழே நிற்பவனின் கண்ணிலும் வாயிலும் விழுவது மரத்தூள்.

இவ்வறிவு நூலிற் கற்ற அறிவன்று. 1563ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்த ஏழாண்டுப் பயிலுநர் காலம் என்னும் மரபிலே, கை கண்டு கை பழகிப் பெற்ற அறிவு. அதனை அறிவு என ஏற்காது 'திறன்' என ஒதுக்கும் மனப்பாங்கிலேயே மயக்கம் தொடங்குகின்றது.

பெயர்களின் ஆட்சி

ஆங்கிலத் தளபாட வரலாறு மூன்று பெயர்களின் வரலாறாக எழுதப்பட்டு வந்துள்ளது: சிப்பென்டேல், ஹெப்பிள்வைற், ஷெரற்றன். இம்மூவரும் மூன்று நூல்களை வெளியிட்டவர்கள். இவர்களின் பெயர்கள் மேசைகளுக்கும் நாற்காலிகளுக்கும் குலப்பெயர்களாக வழங்குகின்றன. ஆயின் சான்றுகளை நோக்குமிடத்து இவ்வழக்கின் வெறுமை வெளிப்படும்.

ஜோர்ஜ் ஹெப்பிள்வைற் 1786இல் இறந்தார். அவரின் நூல் 1788இல் அவர் மனைவி அலிசினால் வெளியிடப்பட்டது. அவர் கையாலோ அவரது பட்டறையிலோ செய்யப்பட்டது என ஐயமின்றி நிறுவப்பட்ட தளபாடம் ஒன்றுகூட இல்லை. தோமஸ் ஷெரற்றன் 1791 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட வரைபட நூல் பெரும்புகழ் பெற்றது. ஆயினும் இலண்டனிலே அவருக்கெனத் தளபாடப் பட்டறை ஒன்று இருந்தமைக்குச் சான்றில்லை. 1806இல் அவர் வறுமையிலே இறந்தார். செய்த பொருள் ஒன்றும் அறியப்படாத ஒருவரின் பெயரும், செய்யும் இடமே இல்லாதிருந்த ஒருவரின் பெயரும் பல்லாயிரம் பொருள்களுக்குச் சூட்டப்பட்டுள்ளன. அவற்றைச் செய்தோருக்கோ ஒரு பெயரும் இல்லை.

தோமஸ் சிப்பென்டேலின் நிலை வேறு. 1718இல் யோர்க்ஷயரின் ஒட்லி என்னும் ஊரிலே தச்சர் குடும்பத்திற் பிறந்து, இலண்டன் சென்ற் மார்ட்டின் வீதியிலே பட்டறை நடத்திய அவர் மெய்யான தொழிலாளி. 1754இல் வெளிவந்த அவரது நூல் 160 செப்புத்தகட்டுப் படங்களைக் கொண்டது. ஆயின் அப்படங்களுட் பெரும்பாலானவற்றைத் தகட்டிலே செதுக்கியவர் மத்தியூ டார்லி. மேதையின் வரைகோடும் பிறன் கையின் வழியாகவே தாளை அடைந்தது.

நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1755 ஏப்பிரலிலே, சிப்பென்டேலின் பட்டறை தீப்பற்றி எரிந்தது. அக்காலப் பத்திரிகைச் செய்தி, 22 தொழிலாளரின் கருவிப் பெட்டிகள் அத்தீயில் அழிந்தன எனக் குறிப்பிடுகின்றது. கூலித் தச்சனின் உளியும் சீவுளியும் அவனது சொந்த உடைமைகள். அவையன்றி அவனுக்கு வேலையில்லை. அவ்விருபத்திருவரின் தொகையை வரலாறு அறியும், பெயர்களை அறியாது. அவர்களிருந்திராவிட்டால் சிப்பென்டேல் என்னும் பெயர் ஒரு படப்புத்தகத்தின் அட்டையோடு நின்றிருக்கும். 1786இல் ஜோர்ஜ் செடனின் பட்டறையைப் பார்வையிட்ட ஜேர்மானிய எழுத்தாளர் சோபி வொன் லா றொஷ், அங்கே 400 பேர் வேலை செய்ததாக எழுதினார். தச்சர், செதுக்குவோர், கடைசற்காரர், பொன்முலாம் பூசுவோர், மெத்தை தைப்போர் எனத் தொழில் பலவாறு பிரிந்திருந்தது. ஒரு மேசை ஒருவனின் ஆக்கம் என்னும் எண்ணமே அந்நூற்றாண்டின் இறுதியிற் பொருந்தாத கற்பனையாகிவிட்டது.

பெயர்கள் அழிந்துவிட்டன, அதற்கு எவர் என் செய்வது எனச் சிலர் விடையிறுப்பர். இது முழுதும் உண்மையன்று. லங்காஸ்ரர் நகரின் கில்லோ நிறுவனம் 1780கள் முதல் தன் மதிப்பீட்டு ஏடுகளிலே ஒவ்வொரு பொருளின் படத்தையும் மரத்தின் செலவையும் உழைப்பின் செலவையும் குறித்து வந்தது. செய்த தொழிலாளியின் பெயரும் அவ்வேடுகளிற் பல இடங்களில் உண்டு. ஆயின் இழுப்பறையின் விளிம்பிலே குத்தப்பட்ட முத்திரையோ நிறுவனத்தின் பெயரை மாத்திரமே தாங்கியது. முதலாளியின் பெயர் மரத்தில். தொழிலாளியின் பெயர் கணக்கேட்டில். ஆய்வாளர் எதனை முதலில் வாசித்தனர் என்பதைத் தளபாட நூல்களின் அட்டைகளே சொல்லும். தச்சரிற் சிலர் இழுப்பறையின் அடியிலோ பின்புறத்திலோ தம் பெயரைப் பென்சிலாற் கிறுக்கிச் சென்றுள்ளனர். அது அலங்காரமன்று, ஓர் உரிமைக் கோரிக்கை.

மரம் வந்த வழி

தச்சனின் பெயரை மீட்பதோடு காரியம் முடிந்ததாகக் கருதுதல் பிறிதொரு மயக்கம். மகோகனி ஆங்கில நாட்டிலே வளரும் மரமன்று. அது ஜமேய்க்கா, கியூபா, பகாமாஸ் தீவுகளினதும் மத்திய அமெரிக்கக் காடுகளினதும் மரம். 1721இல் ஆங்கிலப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமொன்று அமெரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து வரும் மரங்களின் மீதான இறக்குமதித் தீர்வையை நீக்கியது. கப்பற்படைக்கு வேண்டிய பொருள்களைப் பெறுவதே அச்சட்டத்தின் தலையாய நோக்கம். எனினும் அதன் பயனாக மகோகனி மலிந்தது. அகன்ற பலகையாகக் கிடைப்பது, எளிதிற் கோணாதது, புழு அரிக்காதது, நுண்ணிய செதுக்கலை ஏற்பது என்னுமிவ்வியல்புகள் அதனை வால்நட் மரத்தின் இடத்திலே இருத்தின. ஆங்கில இரசனை மாறியது எனத் தளபாட நூல்கள் கூறும். இரசனைக்கு முன்னே தீர்வை மாறியது என்பதே பொருத்தம்.

ஜமேய்க்காவிலே எளிதில் எட்டக்கூடிய மரங்கள் அந்நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் அருகிப்போக, வணிகரின் கண் ஹொண்டூராஸ் வளைகுடாவை நாடியது. இன்று பெலீஸ் எனப்படும் அப்பகுதியிலே பிரித்தானியக் குடியேறிகள் மகோகனி வெட்டுவதற்கான உரிமையை ஸ்பெயின் 1786ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கையால் ஒப்புக்கொண்டது. மரத்தை வெட்டியோர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு அடிமைப்படுத்தப்பட்டோரும் அவர்தம் மக்களுமாவர்.

அவர்களின் வேலையும் கைவினைத்திறன் வேண்டியதே என்பது மனங்கொள்ளத்தக்கது. மகோகனி தோப்பாக வளர்வதன்று. பெருங்காட்டிலே ஒன்று இங்கும் ஒன்று அங்குமாக நிற்கும். அதனைத் தேடுபவன் உயர்ந்த மரமொன்றின் உச்சியிலேறி, இலைகளின் நிறவேறுபாட்டைக் கொண்டு தொலைவிலேயே இனங்கண்டு, காட்டினூடே திசை தவறாது அவ்விடத்தை அடைவான். அடிமரத்தின் புடைத்த வேர்களுக்கு மேலே வெட்டுவதற்காகப் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்திலே பரண் கட்டி, அதன் மேல் நின்று கோடரி வீசுவர். வீழ்த்திய மரத்தை எருதுகள் ஆற்றங்கரைக்கு இழுக்கும். பகல் வெப்பம் தாங்காதாகையால் அவ்வேலை இரவிலே தீவட்டி வெளிச்சத்தில் நிகழ்ந்தது. மழைவெள்ளம் வந்ததும் மரங்கள் ஆற்றிலே விடப்பட்டு, கழிமுகத்தருகே தடுத்து நிறுத்திப் பிரிக்கப்பட்டன. பிரிப்பதற்கு அடையாளமாக அவற்றிலே பொறிக்கப்பட்டிருந்தவை உடைமையாளரின் பெயரெழுத்துகள். காட்டிலே மரத்தின் மீதும் பட்டறையிலே இழுப்பறையின் மீதும் ஒரே சட்டம் ஆட்சி செய்தது: உழைத்தவனுக்குக் குறியில்லை, உடையவனுக்கே குறி.

வெட்டியோர் இதனை வாளாவிருந்து ஏற்றனர் என எண்ணுதல் தவறு. 1820இல் பெலீஸ் ஆற்றுப் பகுதியில் எழுந்த கிளர்ச்சிக்கு வில், ஷார்ப்பர் என்னும் இருவர் தலைமை தாங்கினர். அடிமைகள் அளவுமீறிய கொடுமைக்குள்ளாயினர் என்பதை அப்போதைய பிரித்தானிய நிருவாகியே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மகோகனி வெட்டிய அத்தனை பேருள்ளும் வரலாற்று நூல்களிலே பெயர் பெற்றோர் மிகச் சிலர். அவர்களும் கோடரியால் அன்றிக் கிளர்ச்சியால் அப்பெயரைப் பெற்றனர். 1981இல் விடுதலை பெற்ற பெலீஸ் நாட்டின் கொடியிலே மகோகனி மரமும் இரு தொழிலாளரும் இடம்பெற்றுள்ளனர். நிழலிலே செழிக்கிறேன் என்னும் பொருளுடைய இலத்தீன் வாசகம் அதன் கீழே உள்ளது. அந்நிழலிலே நெடுங்காலம் செழித்தோர் எவர் என்பதை இலண்டன் மாளிகைகளின் நூலக அறைகள் காட்டும்.

மாளிகைகளைப் பற்றியும் ஒரு சொல். சிப்பென்டேல் ஏற்ற பணிகளுள் மிகப்பெரியது ஹேர்வூட் மாளிகைக்குரியது. அதனைக் கட்டுவித்த எட்வின் லாசெல்ஸ் குடும்பத்தின் செல்வம் மேற்கிந்தியச் சர்க்கரைத் தோட்டங்களிலிருந்தும் அடிமை வாணிகத்திலிருந்தும் வந்தது. கில்லோக்களின் லங்காஸ்ரரும் அடிமைக் கப்பல்களை அனுப்பிய ஆங்கிலத் துறைமுகங்களுள் ஒன்று. 1833இல் அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியபோது நட்டஈடாக ஒதுக்கப்பட்ட 2 கோடி பவுண் அடிமைகளுக்கன்றி அவர்களின் உடைமையாளர்க்கே வழங்கப்பட்டது. அந்நட்டஈட்டைப் பெற்றோருள் ஹேர்வூட் பிரபுவும் ஒருவர். மரத்தை வெட்டியவனின் விலையும் அம்மரத்தாலாகிய மேசையின் மீதே கணக்கெழுதப்பட்டிருத்தல் கூடும் என்பது கவிதைக் கற்பனையன்று. அக்கால வணிகனின் அன்றாடக் காட்சி.

தொழிலாளர் எழுதிய நூல்

மேற்கூறிய மூன்று நூல்களையும் அறியாத தளபாட அறிஞர் இல்லை. அவற்றோடு ஒருசேர வைக்கத்தக்க நான்காவது நூலொன்று பொதுவாசகரால் அறியப்படாதிருக்கின்றது. 1788இல், ஹெப்பிள்வைற்றின் நூல் வெளிவந்த அதே ஆண்டிலே, இலண்டன் தளபாடத் தச்சர் சங்கத்தினால் விலைநூல் ஒன்று வெளியிடப்பட்டது. அது பிரபுக்களின் இரசனைக்காக எழுதப்பட்டதன்று; கூலித் தச்சர் தம் உழைப்பின் விலையை முதலாளிகளோடு நிருணயித்துக்கொள்வதற்காக எழுந்தது. எளிய அமைப்பிலான ஒரு மேசைக்கோ அலுமாரிக்கோ அடிப்படைக் கூலி யாது, அதன்மேல் ஓர் இழுப்பறை கூடினால் எவ்வளவு, விளிம்பிலே குமிழ்ச்சட்டம் பதித்தால் எவ்வளவு, மூலை வளைந்தால் எவ்வளவு எனச் சிலிங்கிலும் பென்சிலும் அது நிரல்படுத்தியது. 1793இலே அது விரிந்த பதிப்பைக் கண்டது.

உலர்ந்த கணக்கேடு என இதனை ஒதுக்குவோர் உளர். உண்மையில் ஆங்கிலத் தளபாடக்கலை பற்றிய நேர்மையான திறனாய்வு நூல் இதுவே எனலாம். ஏனைய நூல்கள் மேசை எவ்வாறு தோன்றவேண்டும் எனக் கூறின. இந்நூல் அதனைச் செய்வதற்கு எவ்வளவு மனித நேரம் செலவாகும் எனக் கூறியது. அழகின் ஒவ்வொரு கூறும் உழைப்பின் ஒரு கூறே என்பதை இதனைவிடத் தெளிவாக எவரும் எடுத்துரைத்தாரல்லர். அவ்வாறு ஒன்றுகூடிக் கூலி பேசுவதை ஆளும் வர்க்கம் எங்ஙனம் நோக்கியது என்பதற்கு 1799, 1800ஆம் ஆண்டுகளின் கூட்டுச்சேர்க்கைத் தடைச் சட்டங்கள் சான்று. 1824இல் அவை நீக்கப்படும் வரையில், கைவினைத்திறனின் பொற்காலம் எனப்படும் அக்காலத்தின் பிற்பகுதியிலே, கைவினைஞர் கூலி உயர்வுக்காக ஒன்றுசேர்தல் குற்றமாயிருந்தது.

1767இலே நொஸ்ரெல் மாளிகைக்குச் சிப்பென்டேல் செய்தளித்த மகோகனி நூலக மேசையின் விலை 72 பவுண் 10 சிலிங். அம்மேசை இன்றும் அம்மாளிகையிலேயே உள்ளது. அதனை வாங்கிய பிரபு றோலண்ட் வின் உரிய காலத்திலே பணம் செலுத்தாமையால் சிப்பென்டேல் அவரிடம் மன்றாடிக் கடிதங்கள் எழுத நேர்ந்தது. சிப்பென்டேலும் இவ்வமைப்பின் தலைவரல்லர். மேலேயுள்ளோர்க்குக் கடன்கொடுத்து, கீழேயுள்ளோர்க்குக் கூலிகொடுத்து நடுவிலே நசுங்கியவர். 1804இல் அவர் மகன் முறிவடைந்தார். கலை மேதையை வழிபடுவோர் அம்மேதையையே தாமதமின்றிப் பட்டினி போடும் அமைப்பினை ஏன் பேசுவதில்லை?

பழமையின் வணிகம்

இன்று அம்மேசைகளுக்கு இடப்படும் விலை வேலைப்பாட்டின் விலையெனச் சொல்லப்படுகின்றது. வணிகரின் நடைமுறை இதனை மறுக்கின்றது. ஒத்த நுட்பமுடைய இரு மேசைகளுள், பிரபு குடும்பத்துக் கணக்குச் சீட்டோடு வருவது பன்மடங்கு விலை பெறும். அதே புறாவால் மூட்டை அதே துல்லியத்தோடு இன்றைய தச்சனொருவன் வெட்டினால், அது போலிப் பொருள் எனப்படும். அவ்வாறாயின் விலைபோவது நுட்பமன்று, உடையோரின் வரிசை.

பழமை மோகம் தன் சொந்தப் பொய்களையும் ஈன்றது. ஒரு மேசையின் மேற்பகுதியை வேறொன்றின் கீழ்ப்பகுதியோடு இணைத்தல், சாதாரண இழுப்பறைப் பெட்டியின் நடுவை வெட்டி முழங்கால் மேசையாக்குதல், வெறுமையான பரப்பிலே பிற்காலத்திற் செதுக்கல் சேர்த்தல் ஆகியன பழந்தளபாட வணிகத்தில் நெடுங்காலம் நடந்து வந்தவை. 1931இலேயே ஹேர்பேட் செசின்ஸ்கி தளபாடப் போலிகள் பற்றித் தனிநூல் எழுதவேண்டிய அளவுக்கு அது வளர்ந்திருந்தது. இதிலே நகைப்புக்குரியது யாதெனின், அறிஞரையும் ஏமாற்றவல்ல போலியைச் செய்தவனும் கைவினைஞனே என்பது. அவனது கை பதினெட்டாம் நூற்றாண்டுத் தச்சனின் கைக்குக் குறைந்ததன்று. குறைந்தது அவனுக்குக் கிடைத்த மதிப்பு மாத்திரமே.

கார்ள் மாக்ஸ் 1867இல் வெளியிட்ட மூலதனம் நூலிலே, பண்டங்களின் மாயத்தை விளக்குவதற்கு எடுத்தாண்ட பொருளும் ஒரு மேசையே. மரத்தாலான எளிய பொருள் சந்தைக்கு வந்ததும் மனித உறவுகளை மறைத்துத் தானே பெறுமதி உடையது போலத் தோன்றும் என்பது அவர் கருத்து. பழம்பொருட் சந்தையிலே அம்மாயம் இருமடங்காகின்றது: உழைப்பு முதலில் விலையால் மறைக்கப்படுகின்றது, பின்னர் பழமையால் புனிதமாக்கப்படுகின்றது.

எதிர்த்தரப்பின் பிழை

இவற்றையெல்லாம் அறிந்தோருட் சிலர் மற்றோர் எல்லைக்குச் செல்வர். அடிமைகளின் குருதி தோய்ந்த மரத்திலே அழகைத் தேடுவது பாவம். அம்மேசைகளைப் பற்றிப் பேசுவதே முதலாளித்துவ இரசனைக்குப் பணிவதாகும் என்பர். முற்போக்கானது போலத் தோன்றும் இக்கூற்று, ஆழ்ந்து நோக்கின், பிரபுக்களின் கூற்றோடு ஒன்றுபடுகின்றது. மேசை பிரபுவுக்கே உரியது என்னும் கருத்தை இரு சாராரும் ஏற்றுக்கொள்கின்றனர். ஒரு சாரார் அதற்காகப் போற்றுகின்றனர். மறு சாரார் அதற்காகவே வெறுக்கின்றனர். மேசையைச் செய்தவனுக்கு இருவரிடமும் இடமில்லை. பென்சிலாற் பெயரெழுதிய தச்சனின் கோரிக்கை இரண்டாம் முறையும் நிராகரிக்கப்படுகின்றது.

உழைப்பின் மீது நிகழ்ந்த அநீதி உழைப்பின் சிறப்பை அழித்துவிடுவதில்லை. அச்சிறப்பே அநீதியின் அளவைக் காட்டும் அளவுகோல். திறனற்றவனின் உழைப்பைச் சுரண்டியதாக வரலாறு எழுதப்படுமாயின் சுரண்டல் சிறிதாகத் தோன்றும். வாளின் அலகளவு இடைவெளியிலே பல் வெட்டத் தெரிந்தவனும், காட்டின் உச்சியிலிருந்து இலையின் நிறத்தை வாசிக்கத் தெரிந்தவனும் பெயரற்றோராக்கப்பட்டனர் எனும்போதே இழப்பின் பருமை விளங்கும்.

இலங்கை மாணவர்க்கு இது தொலைதூரக் கதையன்று. மகோகனிக்குப் பின் ஆங்கிலத் தச்சரின் மேசைகளை அடைந்த வெளிநாட்டு மரங்களுள் இலங்கையின் முதிரையும் ஒன்று. அதன் தாவரவியற் பெயரிலே மகோகனி இனத்தின் பெயராகிய சுவீற்றேனியா இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. சிங்களத்திலே களுமெதிரிய எனப்படும் கருவரி மரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தளபாடங்களுக்கு அணியாயிற்று. இலங்கைக்கே உரிய அம்மரம் இன்று காண்பதற்கரியது. மகோகனியின் கதியும் அஃதே. தீவுகளின் மகோகனி 1992இலும், மத்திய, தென் அமெரிக்காவின் பெரிய இலை மகோகனி 2002இலும் சர்வதேச வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்க்கப்பட வேண்டிய நிலை ஏற்பட்டது. அழகிய மேசையின் பின்னே வெறுமையான காடு நிற்கின்றது என்பதையும் கைவினைத்திறன் பற்றிய பேச்சு தன்னுள் அடக்குதல் வேண்டும்.

ஆதலால் வேண்டப்படுவது வழிபாடுமன்று, வசையுமன்று, சரியான வாசிப்பு. நூதனசாலைக் குறிப்பிலே பிரபுவின் பெயரும் வரைந்தோன் பெயரும் இருக்கட்டும். அவற்றோடு மரம் எந்நாட்டது, எவ்வகை உழைப்பால் வெட்டப்பட்டது, எத்தனை வகைத் தொழிலாளர் கை அதிற் பட்டது, அறியக்கூடுமாயின் செய்தவன் பெயர் யாது என்பனவும் எழுதப்படுதல் வேண்டும். கில்லோ ஏடுகள் அதற்கு வழிகாட்டுகின்றன; விலைநூல் அதற்கு அளவு தருகின்றது. சான்றில்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது.

கலைப்பீடங்களிலே மேசையின் மீது எழுதுதல் அறிவெனவும் மேசையைச் செய்தல் கூலிவேலை எனவும் கருதும் பழக்கம் வேரூன்றியுள்ளது. ஆங்கில மேசையின் மூட்டை வியந்து கட்டுரை எழுதுவோரே தம் ஊர் ஓடாவியை ஒருமையில் அழைக்கின்றனர். இம்முரண்பாடு தீராதவரையில் கைவினைத்திறன் என்னுஞ் சொல்லை உச்சரிக்கும் தகுதி அவர்க்கில்லை. இழுப்பறை மூடியிருக்கும்வரை மூட்டுத் தெரியாது. அதனை இழுத்துத் திறந்து பார்ப்பதே திறனாய்வின் முதற் கடமை.